வாசற்படியில் இருவர்

பண்டரிபுரம் விட்டல் கோயிலின் கிழக்கு வாசலுக்கு நாமதேவர் வாசல் என்று பெயர். அதன் முதல் படியை யாரும் மிதிப்பதில்லை. பித்தளைத் தகடு போர்த்தியிருக்கும் அந்தப் படியைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தாண்டி அடுத்த படியில் கால் வைக்கிறார்கள். அடியார்களின் பாதத்தூளி தன்மேல் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நாமதேவர் விரும்பி அங்கே அடக்கமானார் என்பது வழிவழிச் செய்தி. மிதிபட விரும்பியவரை ஊரே மிதிக்காமல் சுற்றிப் போகிறது.

அந்தப் படிக்கு அருகிலேயே இன்னொரு சமாதி இருக்கிறது. சோகாமேளருடையது. நாமதேவர் தையற்கார வகுப்பில் பிறந்தவர். கோயிலுக்குள் போய் வந்தவர். கடைசியில் வாசலைத் தேர்ந்துகொண்டவர். சோகாமேளர் மகார் சாதியில் பிறந்தவர். கோயிலுக்குள் விடப்படாதவர். மங்கள்வேடாவில் மதில் கட்டும் கூலி வேலையில் இருந்தபோது சுவர் சரிந்து, 1338இல் செத்துப்போனார் என்கிறார்கள். இடிபாட்டில் எது யாருடைய எலும்பு என்று தெரியாமல் கிடந்தபோது, நாமதேவர் ஒவ்வோர் எலும்பாக எடுத்துக் காதில் வைத்துக் கேட்டு, விட்டல நாமம் ஒலித்ததையெல்லாம் பொறுக்கி வந்து இந்த வாசலில் புதைத்தாராம். எலும்பே நாமம் சொன்ன ஆளுக்குக் கிடைத்த இடமும் வாசலுக்கு வெளியேதான்.

ஆக, ஒரே வாசலில் இரண்டு பேர். ஒருவர் தானாக இறங்கி வந்தவர். ஒருவர் நிறுத்தி வைக்கப்பட்டவர். பக்தி இலக்கியம் இரண்டையும் பணிவு என்ற ஒரே சொல்லால்தான் குறிக்கிறது. அது சரிதானா என்பது சில வருடங்களாக என்னைக் குடைகிற கேள்வி. நான் சமயத் துறை ஆள் இல்லை. வங்கிகளுக்கு மென்பொருள் ஆலோசனை சொல்லிப் பிழைப்பவன். ஆனால் இந்தக் கேள்வியில் நமக்கும், அதாவது ஊரைவிட்டு வந்து ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளுக்குத் தமிழும் தேவாரமும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிற நமக்கும், ஒரு பங்கு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கும்பகோணத்துப் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு விட்டலன் அயலூர்ச் சாமி அல்ல. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1855 வரை தஞ்சாவூரை மராத்தியர்கள் ஆண்டார்கள். அந்தக் காலத்தில் வந்த அபங்கங்கள் எங்கள் பக்கத்துப் பஜனை மடங்களில் தங்கிவிட்டன. சிறுவனாக நான் துக்காராமையும் நாமதேவரையும் தமிழ் எழுத்தில் அச்சடித்த புத்தகத்தைப் பார்த்துப் பாடியிருக்கிறேன். ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது. பாடுகிற பெரியவர்களில் பாதிப் பேருக்கும் தெரிந்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன். தாளம் ஏறும்போது உடம்பு தானாக ஆடும், அது போதுமாக இருந்தது. பக்தி என்பவள் திராவிட நாட்டில் பிறந்து, கர்நாடகத்தில் வளர்ந்து, மகாராஷ்டிரத்தில் ஆங்காங்கே மதிக்கப்பட்டாள் என்று பத்ம புராணத்தில் உள்ள பாகவத மாகாத்மியம் ஒரு கதை சொல்லும். நம்மூரிலிருந்து புறப்பட்டவள் சில நூற்றாண்டு கழித்து மராத்தி பேசிக்கொண்டு திரும்பி வந்தபோது, எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் முதுகலை படித்தபோது, கணினிப் பாடங்களுக்கு நடுவே, தெற்காசியச் சமயங்கள் பற்றிய ஒரு மாலை வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்வேன். அங்கே பக்தி இயக்கம் என்றாலே உடனே சமத்துவம் என்ற சொல் வரும். சாதியை மறுத்தது, பெண்களுக்குக் குரல் கொடுத்தது, வட்டார மொழியைக் கோயிலுக்குள் கொண்டுவந்தது. எல்லாம் உண்மை. ஆனால் என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு: ஆவணத்தில் எழுதியிருப்பதை நம்ப மாட்டோம், சர்வரில் என்ன ஓடுகிறது என்று போய்ப் பார்ப்போம். ஒரு திட்டப்பணிக்காகப் புனேயில் சில மாதம் இருக்க நேர்ந்தபோது, ஆஷாட ஏகாதசிக்கான வாரி அந்த நகரத்தின் வழியாகவே போயிற்று. போய்ப் பார்த்தேன்.

வாரி என்பது நடைப்பயணம். ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பாதுகைகளும் தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் பல்லக்கில் புறப்படும். சுமார் 250 கிலோமீட்டர், மூன்று வாரத்துக்குச் சற்றுக் குறைவாக நடந்து, ஏகாதசிக்குப் பண்டரிபுரம் சேரும். கூட்டம் திண்டி திண்டியாகப் பிரிந்து நடக்கும். ஒவ்வொரு திண்டிக்கும் ஒரு கொடி, ஒரு மிருதங்கம், தோளில் வீணை ஏந்திய ஒருவர், கைத்தாளம் போடும் வரிசைகள், தலையில் துளசி மாடத்தைச் சுமந்து வரும் பெண்கள். பெரும்பாலும் விவசாயிகள். முதல் மழைக்கு விதைத்துவிட்டு வருகிறவர்கள். நான் புனேயிலிருந்து சாஸ்வட் வரை ஒரு நாள் நடந்தேன். நடுவே திவே காட் என்ற மலைச்சாலை ஏற்றம். கீழே திரும்பிப் பார்த்தால் சாலையே தெரியாது, வெள்ளைக் குல்லாவும் காவிக் கொடியும்தான் தெரியும். ஞானபா துக்காராம், ஞானபா துக்காராம் என்று இரண்டு பெயர்களை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டே ஏறுகிறார்கள். ஒருவர் 13ஆம் நூற்றாண்டு, மற்றவர் 17ஆம் நூற்றாண்டு. இடையிலுள்ள நானூறு வருடத்தை ஒரு மூச்சில் கடந்துவிடுகிறார்கள்.

அங்கே எல்லாரும் எல்லாரையும் மாவுலி என்று கூப்பிடுகிறார்கள். தாய் என்று பொருள். ஞானேஸ்வரருக்கு வழங்கும் பெயர் அது. தண்ணீர் கொடுக்கிறவர் மாவுலி, வழி விடச் சொல்கிற போலீஸ்காரர் மாவுலி, செருப்புத் தைக்க உட்கார்ந்திருப்பவர் மாவுலி. என்னையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஏற்றத்தின் மேலே ஓய்வுக்கு நின்றபோது, என் அப்பா வயதிருக்கும் ஒரு பெரியவர் சட்டென்று குனிந்து என் காலைத் தொட்டார். நான் பதறிப் பின்னால் நகர்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து, இப்போது உன் முறை என்பதுபோல நின்றார். நானும் குனிந்து தொட்டேன். இதுதான் வாரியின் முறை: யார் முந்துகிறார்களோ அவர் முதலில் வணங்குவார், வணங்கப்பட்டவர் திருப்பி வணங்குவார். எந்தச் சாதி, எந்த ஊர் என்று கேள்வி இல்லை.

அந்த ஒரு நிமிடத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. முழுதாக நடந்த விஷயம் அது. பாடப்புத்தகத்தில் சமத்துவம் என்று படித்தது, என் முதுகெலும்பு வளைந்தபோதுதான் எனக்குப் புரிந்தது என்று சொன்னால் மிகையில்லை. வளையும்போது ஒரு சின்ன எதிர்ப்பு உடம்பில் எழுந்ததையும் கவனித்தேன். ஆனால் இன்னொன்றும் உடனே தோன்றியது. என் எதிர்ப்பை நான் அடக்கி வளைந்தேன் என்றால், வளையாமல் இருக்கவும் எனக்கு முடிந்திருக்கும் என்று பொருள். அந்தச் சுதந்திரம் இருந்ததால்தான் அந்த வணக்கத்துக்கு ருசி.

மானிடவியலாளர் ஐராவதி கார்வே இதே வழியில் நடந்து எழுதிய கட்டுரை ஒன்று 1962இல் ஆங்கிலத்தில் வெளியானது. மராத்தி மண்ணின் மகத்தான ஒரு காதல் கடிதம் போன்ற எழுத்து. ஆனால் அவர் கண்ணை மூடிக்கொண்டு நடக்கவில்லை. ஒன்றாக நடந்து ஒன்றாகப் பாடியவர்கள், மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பிராமணர்கள் ஒரு பக்கமும் மராத்தாக்கள் ஒரு பக்கமுமாகத் தனித்தனியாகச் சமைத்துச் சாப்பிட்டார்கள் என்று எழுதுகிறார். இந்த ஒற்றுமையெல்லாம் மறுவுலகத்துக்கு மட்டும்தானா, இங்கே பிரிந்தே இருக்கவா என்ற கேள்வி வழி நெடுக அவரை விடவில்லை. நான் போன காலத்தில் அடுப்புகள் அவ்வளவு கறாராகப் பிரிந்திருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் நான் நடந்தது ஒரு நாள். ஒரு நாள் நடந்தவன் அடுப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

புனே அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவர், சோலாப்பூர் மாவட்டத்துக்காரர், பௌத்தக் குடும்பம். மகாராஷ்டிரத்தில் அதற்கு என்ன பொருள் என்று சொல்லத் தேவையில்லை. 1956இல் நாக்பூரில் அம்பேத்கரோடு பௌத்தம் தழுவிய லட்சக்கணக்கானவர்களின் வழி வந்தவர்கள். வாரிக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார். பிறகு கேண்டீனில் சாப்பிடும்போது அவராகவே சொன்னார். பேசியது ஆங்கிலத்தில், தமிழில் தருகிறேன்.

"எங்க தாத்தா வருஷா வருஷம் நடந்தே போவார். கோயிலுக்குள்ள கிடையாது. சோகோபா சமாதியைத் தொட்டுட்டுத் திரும்பிடுவார்."

"1947ல கோயில் திறந்த பிறகு?"

"ஒரே ஒரு தடவை உள்ளே போனாராம். வெளியே வந்து ஒண்ணுமே சொல்லலையாம். 56க்கு அப்புறம் பண்டரிபுரம் போறதையே விட்டுட்டார். அபங்கம் மட்டும் விடலை. வயல்ல பாடுவார். அப்பாவுக்கு அது பிடிக்காது."

"உங்களுக்கு?"

"நல்லா இருக்கும். ஆனா நீங்க அந்தப் படிக்கட்டை ஆராய்ச்சி பண்ணப் போறீங்க. அவர் அங்கே நின்னவர்."

இதற்கு நான் பதில் ஏதும் சொல்லவில்லை. பதில் இருந்ததாகவும் தோன்றவில்லை. பௌத்தக் குடும்பங்கள் சோகாமேளரிடமிருந்து விலகியதற்குக் காரணம் உண்டு. அவருடைய பாடல்களில் கோபமும் கேள்வியும் இருக்கின்றன. தன் தாழ்பிறப்பு முற்பிறவி வினையின் பலன் என்று ஒப்புக்கொள்கிற குரலும் இருக்கிறது. அவர் மகன் கர்மமேளர் பாடியவற்றில் கோபம் இன்னும் கூர்மை. மனைவி சோயராபாயும் தங்கை நிர்மலாவும்கூடப் பாடியிருக்கிறார்கள். ஒரு வீடு முழுக்க அபங்கம் கட்டிய வீடு அது. சோயராபாய், தீட்டு உடம்போடு ஒட்டியே பிறக்கிறது என்றால் தீட்டில்லாத உடம்பு எது என்று கேட்டுவிட்டார். கேள்விக்கு விடை கிடைக்காமலே அந்த வீட்டார் பாடிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் பேரப்பிள்ளைகளுக்கு உறுத்துகிறது.

நம் பக்கம் திரும்பினால் இந்த இரட்டை நிலை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. அந்தணர் குலத்தில் பிறந்து திருவரங்கத்தில் வாழ்ந்த ஆழ்வார் ஒருவர், அடியார்களின் காலடித் தூசி என்றே தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார்: தொண்டரடிப்பொடி. அதே ஊர்க் காவிரிக் கரையில் நின்ற இன்னொருவர் திருப்பாணாழ்வார். பாணர் குலத்தவர், அரங்கத் தீவில் கால் வைக்காமல் எதிர்க்கரையில் நின்று பாடியவர். அரங்கன் கட்டளையிட, லோகசாரங்க முனிவர் அவரைத் தோளில் சுமந்து உள்ளே கொண்டுபோனார் என்பது கதை. சின்ன வயதில் இதை எனக்கு உயர்வான கதையாகவே சொன்னார்கள், அது உயர்வான கதைதான். ஒரு அந்தணரின் தோளில் ஒரு பாணர் ஏறி வருகிறார். ஆனால் பண்டரிபுரத்து வாசலில் நின்றபோது வேறொன்று பட்டது. தோளில் ஏற்றிக்கொண்டு போனதால், பாணரின் பாதம் அரங்கத்து மண்ணில் படவே இல்லை. பெருமையும் கிடைத்தது, மண்ணும் பழையபடியே இருந்தது.

நந்தனாருக்குத் தோள் கிடைக்கவில்லை, நெருப்பு கிடைத்தது. சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பெயரளவில் குறித்த திருநாளைப்போவாரை, சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் முழுக் கதையாக்கினார். அதில் கொடுமைக்காரப் பண்ணையார் கிடையாது. தன் பிறப்பை நினைத்துத் தானே தில்லை எல்லையில் தயங்கி நிற்கிற நந்தன்தான் உண்டு. அந்தப் பண்ணையாரை 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தன் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்காகப் படைத்தார். எனக்கு இது ஒரு பெரிய அறவியல் திருத்தமாகப் படுகிறது. தயக்கமாக இருந்ததை அவர் தடையாக மாற்றினார். தானாக நிற்பதாகச் சொல்லப்பட்ட ஒருவனை யார் நிறுத்தினார்கள் என்று கேட்க வழி செய்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு முதலில் அந்தப் படைப்பு உவப்பாக இல்லை என்பது தெரிந்த செய்தி. ஆனால் முடிவை பாரதியாரும் மாற்றவில்லை. நெருப்பில் இறங்கி, வேதியர் வடிவாக எழுந்து, அம்பலத்துக்குள் சென்று மறைந்துவிடுகிறார் நந்தன். திருப்பாணாழ்வாரும் அரங்கனுக்குள் கலந்துவிடுகிறார். உள்ளே போன இருவரும் திரும்பி வரவில்லை. மறுநாள் காலை அவர்கள் சேரியிலிருந்து இன்னொருவர் வந்தால் என்ன செய்வது என்ற சிக்கல் யாருக்கும் எழவில்லை.

மராத்திக் கதையில் அந்த வசதி இல்லை. சோகாமேளர் மறையவில்லை, தூய்மைப்படுத்தப்படவில்லை. கூலி வேலையில் செத்தார், எலும்பாக வாசலில் கிடக்கிறார். அந்தக் கதையைச் சொன்னவர்கள் வேண்டுமென்றே அப்படி விட்டார்களா, வேறு முடிவு அவர்களுக்குத் தோன்றவில்லையா, எதுவாக இருந்தாலும் ஒவ்வொரு வருடமும் உள்ளே போகிற லட்சக்கணக்கானவர்கள் அந்தச் சமாதியைக் கடந்துதான் போக வேண்டும். அது ஒரு மூடாத கணக்கு. 1948இல் தன் 'தீண்டப்படாதோர்' நூலை அம்பேத்கர் மூன்று பேருக்குக் காணிக்கையாக்கினார்: நந்தனார், ரவிதாசர், சோகாமேளர். கோயில் நுழைவைத் தன் வழியாக எப்போதோ கைவிட்டிருந்தவர், எட்டே வருடத்தில் மதத்தையே விட்டு வெளியேறப்போகிறவர், அந்த மூவரைக் கைவிடவில்லை. அவர்கள் பின்னால் போகாமலே அவர்களை மதிக்க முடியும் என்று காட்டியவர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் மாவுலி என்று கூப்பிட்டுக் காலைத் தொடுவது பொய்யா? இங்கேதான் நான் என் நண்பரின் அப்பாவோடு முழுதாக உடன்பட முடியாமல் நிற்கிறேன். 1947 மே மாதத்தில் சானே குருஜி பண்டரிபுரத்தில் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். கோயில் தலித்துகளுக்குத் திறக்கும்வரை சாப்பிட மாட்டேன் என்றார். அதற்கு முன் மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அவர் வெளியிலிருந்து வந்த சட்ட நிபுணர் இல்லை. அந்த அபங்கங்களிலேயே ஊறியவர். அவர் செய்தது, நீங்கள் பல நூற்றாண்டுகளாகப் பாடிக்கொண்டிருக்கிற பாட்டு ஒரு கடன் பத்திரம், இன்றைக்குப் பணம் எடுத்து வையுங்கள் என்று நீட்டியதுதான். கதவு திறந்தது. மதுரையில் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் சிலரோடு மீனாட்சி கோயிலுக்குள் நுழைந்ததற்கு எட்டு வருடம் பிந்தி. அர்ச்சகக் குடும்பங்களின் பரம்பரை உரிமை முடிந்துபோனது என்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்ய 2014 ஆயிற்று.

பத்திரமே எழுதப்படாமல் இருந்திருந்தால் நீட்டுவதற்கு எதுவும் இருந்திருக்காது. அதனால் அந்தப் பாட்டைப் பொய் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால் கடன் கொடுத்தவன் அறுநூறு வருடம் வாசலில் நின்றான். நின்ற காலத்துக்கு வட்டி யார் கொடுப்பது என்று என் நண்பர் கேட்டால், பாட்டின் அழகைக் காட்டிச் சமாளிக்க முடியாது. தானாகக் குனிகிறவனுக்கு ஆன்மிகப் பயன் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். மற்றவன் குனிந்து நிற்பதைப் பார்த்து அதே பயன் அவனுக்கும் உண்டு என்று சொல்ல, நிமிர்ந்து நிற்கிற யாருக்கும் அதிகாரம் இல்லை என்பதே என் தரப்பு.

(புண்டலீகன் கதையை ஏன் விட்டுவிட்டேன் என்று சிலர் கேட்கக்கூடும். பெற்றோருக்குச் செய்யும் பணிவிடை முடியட்டும் என்று கடவுளையே செங்கல்லின் மேல் காத்திருக்க வைத்தவன் அவன். இடுப்பில் கை வைத்து விட்டலன் இன்னும் நிற்பது அவனால்தான். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் எழுத வேண்டிய கட்டுரை அதுதான். என் அம்மா கும்பகோணத்தில் தனியாக இருக்கும்வரை அதை நான் எழுதப் போவதில்லை.)

இனி நம் பங்கு. நாங்கள் இருக்கும் இங்கிலாந்தில் கோயில் வாசலில் யாரையும் யாரும் தடுப்பதில்லை. செருப்பைக் கழற்றினால் போதும். அதனால் சாதி ஊரோடு போயிற்று என்று நம்புவது எளிது. ஆனால் ஊர் எது என்ற கேள்விக்குப் பின் எந்தத் தெரு என்ற கேள்வி வருவதை நான் ஒரு தடவைக்கு மேல் கேட்டிருக்கிறேன், அன்னதான வரிசையில். சமத்துவச் சட்டத்தில் சாதியையும் சேர்க்கும் கடமையை 2013இல் இங்குள்ள நாடாளுமன்றம் அரசுக்கு விதித்தது. 2018இல், கருத்துக்கேட்பு நடத்திய பின், அப்படிச் சேர்க்கப் போவதில்லை, இருக்கிற தீர்ப்புகளே போதும் என்று அரசு முடிவு செய்தது. தேவையில்லை என்று எழுதிப் போட்டவர்களில் நம் சமய அமைப்புகளும் இருந்தன.

எங்கள் ஞாயிறு வகுப்பில் நந்தனார் பாடம் நடந்தபோது, பன்னிரண்டு வயதான என் மகள் கையைத் தூக்கினாள்.

"நெருப்புல இறங்கினது அவர் மட்டும்தானா? உள்ளே இருந்தவங்க எதுல இறங்கினாங்க?"

வகுப்பெடுத்தவர், அது அவருடைய பக்திக்குச் சாட்சி என்று ஏதோ சொன்னார். பின்வரிசையில் உதவிக்கு உட்கார்ந்திருந்த யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் அப்போது ஒன்றும் பேசவில்லை. தேநீர் இடைவேளையில் என்னிடம் சொன்னார். "உங்கட பிள்ளை கேட்டது சரிதான். 68ல மாவிட்டபுரம் கோயில் வாசல்ல உள்ள விடச் சொல்லி இருந்த சனத்துக்கு என்ன நடந்தது எண்டு எங்கட அப்பா சொல்லுவார். அங்க நெருப்பு ஒண்டும் தேவைப்படேல்ல. பொல்லு காணுமா இருந்தது."

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் இருவரும் ஒரு யோசனை வைத்தோம். நந்தன் கதையோடு சோகாமேளர் கதையையும் சேர்த்துச் சொல்லலாம். மதுரையையும் பண்டரிபுரத்தையும் மாவிட்டபுரத்தையும் ஆளுக்கொரு பத்தியாகப் பிள்ளைகளையே எழுதச் சொல்லலாம். ஒரு தகப்பனார் எழுந்தார். நல்ல மனிதர், கோயில் வேலைக்கெல்லாம் முதலில் நிற்பவர். "குழந்தைங்களுக்குச் சாமி கதை போதும். சாதி கதை எதுக்கு? இங்கே பிறந்த பிள்ளைங்களுக்கு அது தெரியவே வேண்டாம்னுதானே நாம இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றார். அவர் சொன்னதில் உண்மையான அக்கறை இருந்தது. பலர் தலையாட்டினார்கள்.

"அப்ப நந்தன் கதையை விட்டிடுவம்," என்றார் அக்கா.

அதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. பேச்சு அரை மணி நேரம் போயிற்று, மண்டபத்தைப் பூட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது. நந்தன் பாடம் அடுத்த தை மாதத்தில் மறுபடி வருகிறது. இந்த முறை வகுப்பெடுக்க என் பெயரைக் கொடுத்திருக்கிறேன்.